மாமா கேட்டது ஒரு பிளக் பாயிண்ட்

மாமா காடி புக் பண்ணியதை என்னிடம் சொல்லவே இல்லை. காடி வீட்டுக்கு வந்த பிறகுதான் போன் வந்தது. "வாசல்ல ஒரு பிளக் பாயிண்ட் இழுத்துக் கொடு மாப்பிள. ராத்திரி சொருகிட்டுப் படுத்துடுவேன்." புரோட்டோன் இ.மாஸ் 7. சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு வந்த முதல் மின்சாரக் காடி. நான் வயர்மேன். ஊரில் யார் வீட்டில் பல்பு எரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அதனால் மாமா கூப்பிட்டதில் ஆச்சரியம் இல்லை.

கேட்டது ஒரு பிளக் பாயிண்ட். நான் பதில் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அத்தை இரண்டாம் முறை தே கலக்கிவிட்டார். அன்றைக்கு அங்கே சொன்னதையும், அப்புறம் ஒரு சாப்பாட்டுக் கடை அண்ணன் கேட்டதற்குச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். மின்சாரக் காடிக்கு சார்ஜர் போட நம் மலேசியாவில் என்ன விதி, யாரிடம் அனுமதி, வீட்டுக்கு ஒரு மாதிரியும் கடைக்கு ஒரு மாதிரியும் இருப்பது ஏன் என்பதுதான் விஷயம்.

சார்ஜர் பெரிதா சின்னதா என்பதெல்லாம் பிறகு. முதலில் பார்க்க வேண்டியது, இந்தக் கரண்ட் யாருக்குப் போகிறது? உங்கள் மீட்டரில் இருந்து உங்கள் காடிக்குப் போனால் அது வீட்டு வயரிங் சமாச்சாரம். ஊரார் காடிக்குப் போனால் நீங்கள் மின்சாரம் வழங்குகிறவர் ஆகிவிடுகிறீர்கள். நமக்கு மின்சாரம் கொடுக்கிற நிறுவனமான டி.என்.பி. செய்கிற வேலையில் ஒரு துளியை நீங்களும் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1990-ஆம் ஆண்டின் மின்சார விநியோகச் சட்டம், அதாவது அக்தா 447, அதன் 9-ஆம் பிரிவில் லைசென்ஸ் இல்லாமல் பிறருக்கு மின்சாரம் வழங்கக் கூடாது என்று வைத்திருக்கிறது. இந்தச் சட்டம் வந்தபோது மின்சாரக் காடியை இங்கே யார் நினைத்துப் பார்த்தார்கள்? எல்.எல்.என். என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த வாரியம் டி.என்.பி. ஆன வருஷம் அது. முப்பது வருஷம் கழித்து வந்த சார்ஜரும் அந்தப் பழைய பிரிவுக்குள்தான் வந்து உட்காருகிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இஞ்சின் ரூம் ஞாபகம் இருக்கிறதா? சாயந்திரம் இருட்டும்போது இஞ்சின் ஓடும், லயத்து வீடுகளுக்கெல்லாம் வெளிச்சம் வரும். ராத்திரி நின்றுவிடும். அப்புறம் மண்ணெண்ணெய் விளக்குதான். துரை தன் பங்களாவுக்கு மட்டும் ஓட்டினால் ஒரு கதை, நூறு வீட்டுக்குக் கம்பி இழுத்துக் கொடுத்தால் வேறு கதை. கம்பி அறுந்து யாராவது அடிபட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி அங்கேயே வந்துவிடுகிறது. சார்ஜர் லைசென்ஸுக்குப் பின்னால் இருப்பதும் அதே கேள்விதான்.

இந்த லைசென்ஸைக் கொடுப்பது சுருஹான்ஜாயா தெனாகா, தமிழில் எரிசக்தி ஆணையம். நாங்கள் எஸ்.டி. என்போம். 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. டி.என்.பி. வேறு, எஸ்.டி. வேறு. பல பேர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கம்பியும் மீட்டரும் பில்லும் டி.என்.பி.; அந்த டி.என்.பி.க்கே லைசென்ஸ் கொடுத்துக் கண்காணிப்பது எஸ்.டி. என்னைப் போன்ற வயர்மேன்களுக்குத் தகுதிச் சான்றிதழ் கொடுப்பதும் அவர்கள்தான். (இதெல்லாம் தீபகற்பத்துக்கு. சபாவில் 2024 முதல் அந்த மாநிலத்துக்கென்றே தனி எரிசக்தி ஆணையம் இருக்கிறது, சரவாக்கில் அவர்களுடைய சொந்தச் சட்டம்.)

சரி, மாமா வீடு. சொந்த மீட்டர், சொந்தக் காடி. எஸ்.டி.யிடம் லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை. அதைச் சொன்னதும் மாமா முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொல்லலை? பிளக் பாயிண்ட்தானே!" நான் டிபி பெட்டியின், அதாவது வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டியின், மூடியைத் திறந்தேன்.

உள்ளே இருந்தது 1990-களில் கட்டிய தெராஸ் வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கிற அதே ஜோடனை. சிங்கிள் ஃபேஸ், அதாவது ஒருமுனை இணைப்பு. வீடு முழுக்க ஒரே ஒரு ஆர்.சி.டி., கரண்ட் ஒழுகினால் தானாக விழுகிற சுவிட்ச். பின்னால் சேர்த்த வாட்டர் ஹீட்டருக்கு ஒன்று, இரண்டு ஏர்கோனுக்கு இரண்டு என்று ஒட்டுப்போட்ட எம்.சி.பி.கள், சுமை கூடினால் விழுகிற சுவிட்சுகள். எர்த் வயர் ஒரு ஸ்க்ரூவில் தளர்ந்து கிடந்தது. லைசென்ஸ் வேண்டாம் என்பதற்கு 'எப்படி வேண்டுமானாலும் சொருகலாம்' என்று அர்த்தம் இல்லை. வீட்டு வயரிங்கில் கை வைப்பவர் எஸ்.டி.யில் பதிவான ஆளாக இருக்க வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகளில் இருக்கிறது. வேலை முடிந்ததும் இரண்டு காகிதம் கொடுக்க வேண்டும். போராங் G, வேலையைப் பார்வையிட்டு முடித்ததற்கான சான்று. போராங் H, சோதித்துப் பார்த்ததற்கான சான்று. இந்த இரண்டையும் கேட்காமல் வயர்மேனுக்குக் காசு கொடுத்து அனுப்பாதீர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இங்கே மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதல் விஷயம், மாமா கேட்ட அந்த மூன்று பின் பிளக். காடியோடு ஒரு கேபிள் வரும், அதை வீட்டுப் பிளக்கில் சொருகலாம், அவசரத்துக்கு ஆகும். அது 10 ஆம்பியர் இழுத்தால் ஏறக்குறைய 2.3 கிலோவாட். மாமா காடியில் 49.52 யூனிட் (கிலோவாட்-மணி) பேட்டரி. இருபது சதவீதத்தில் இருந்து எண்பது வரை ஏற்ற 30 யூனிட் வேண்டும். கணக்குப் போட்டால் 13 மணி நேரம். 13 ஆம்பியர் பிளக் 10 ஆம்பியர் தாங்காதா என்று கேட்பீர்கள். தாங்கும். கெட்டிலுக்கு ஐந்து நிமிடம், அயர்ன் பெட்டிக்கு அரை மணி நேரம் தாங்கும். பழைய சாக்கெட்டில், ஸ்பிரிங் தளர்ந்துபோன பித்தளை நாக்கில், ராத்திரி முழுக்க ஓடவிட்டால் சூடு ஏறிக்கொண்டே போகும். பின்பக்கம் பழுத்து உருகிய சாக்கெட்டை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அது ஏர்கோன் சொருகியிருந்த சாக்கெட். காடி அதைவிட மோசமாகச் செய்யும்.

இரண்டாவது, மொத்தச் சுமை. சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு டி.என்.பி. கொடுப்பது அதிகபட்சம் 12 கே.வி.ஏ. (இந்தக் கணக்குக்குக் கிலோவாட் மாதிரியே வைத்துக்கொள்ளுங்கள்). சுவரில் மாட்டுகிற சார்ஜர் 32 ஆம்பியரில் 7.4 கிலோவாட் எடுத்துக்கொள்ளும். வாட்டர் ஹீட்டர் ஒரு 3.5. இரண்டு ஏர்கோன் சேர்த்து ஒன்றரைக்கு மேல். கூட்டிப் பாருங்கள், பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அத்தை இன்னும் ரைஸ் குக்கரைப் போடவே இல்லை. த்ரீ ஃபேஸுக்கு, அதாவது மும்முனை இணைப்புக்கு மாறலாம், பதிவு பெற்ற மின் குத்தகையாளர் வழியாக டி.என்.பி.க்கு விண்ணப்பிக்க வேண்டும். அது 45 கே.வி.ஏ. வரை தரும். அல்லது சார்ஜரின் வேகத்தைக் குறைத்து வைக்கலாம். விற்பனையாளர்கள் முதல் வழியைத்தான் சொல்வார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம், கண்ணுக்குத் தெரியாத விஷயம் என்பதால். ஆர்.சி.டி. என்பது உயிர் காக்கிற சாமான். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இல்லாவிட்டால், அதாவது நடுவில் யார் உடம்பு வழியாகவோ தரைக்கு ஒழுகினால், டக் என்று விழுந்துவிடும். வீடுகளில் இருக்கிற சாதாரண ஆர்.சி.டி. ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடுகிற வீட்டுக் கரண்டின் ஒழுக்கை மட்டுமே பார்க்கத் தெரிந்தது. காடியின் பேட்டரி டிசி, ஒரே திசையில் ஓடுகிற கரண்ட். சார்ஜ் ஆகும்போது ஏதாவது கோளாறு வந்தால் டிசி ஒழுக்கு இந்தப் பக்கம் வரலாம். வந்தால் அந்த ஆர்.சி.டி.யின் உள்ளே இருக்கிற காந்த வளையம் மரத்துப்போகும். அப்புறம் நிஜமாகவே ஒருவருக்கு ஷாக் அடித்தாலும் அது விழாமல் இருந்துவிடலாம். காவல் நாய்க்கு மயக்க மருந்து கொடுத்த மாதிரி. அதனால் சார்ஜருக்கென்று தனி லைன், தனி ஆர்.சி.டி. வேண்டும். அது டிசி ஒழுக்கையும் பார்க்கத் தெரிந்த டைப் பி ஆக இருக்க வேண்டும். இல்லை, 6 மில்லி ஆம்பியர் டிசி ஒழுக்கைக் கண்டுபிடித்து அறுக்கிற வசதி சார்ஜருக்குள்ளேயே இருந்தால் டைப் ஏ போதும். சார்ஜர் வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். கலர், ஆப், வைஃபை எல்லாம் அவரே சொல்லிவிடுவார்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இதுக்கெல்லாம் எவ்வளவு ஆகும்?" என்றார். ஒரு நல்ல செய்தி வைத்திருந்தேன். வீட்டு சார்ஜர் வாங்கிப் பொருத்துகிற செலவில் 2,500 ரிங்கிட் வரை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், 2027 மதிப்பீட்டு ஆண்டு வரைக்கும் இந்தச் சலுகை இருக்கிறது. வரி கட்டுகிறவர்களுக்குத்தான் பிரயோஜனம், ரசீதை வைத்திருக்க வேண்டும்.

இனி சாப்பாட்டுக் கடை. பெரிய ரோட்டில், வாழையிலைச் சாப்பாடு போடுகிற அண்ணன். மாமா காடியைப் பார்த்ததும் அவருக்கு யோசனை வந்துவிட்டது. "கடைக்கு முன்னாடி ரெண்டு சார்ஜர் வெச்சா, ஈப்போ போற காடி, கோலகங்சார் போற காடி எல்லாம் நிக்கும்ல தம்பி? சாப்பிடற நேரத்துல சார்ஜ் ஏறட்டும். யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வாங்கிக்கலாம்."

நல்ல யோசனைதான். ஆனால் கரண்ட் இப்போது வேறு ஆளுக்குப் போகிறது, 9-ஆம் பிரிவு வந்துவிட்டது. "சரி, காசு வாங்கலை, சும்மா விடறேன்" என்றார். அந்தப் பிரிவு பேசுவது பிறருக்கு வழங்குவதைப் பற்றி, விலையைப் பற்றி அல்ல. அதனால் இலவசம் என்றாலும் எஸ்.டி.யிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றேன். சார்ஜிங் தொழில் நடத்துகிற நிறுவனங்கள் இந்த லைசென்ஸை எடுத்துக்கொண்டுதான் வருகின்றன. இடம் நம்முடையது, சார்ஜரும் லைசென்ஸும் பொறுப்பும் அவர்களுடையது என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வதும் உண்டு. சின்னக் கடைக்கு அதுதான் நிம்மதி என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் ஒரு சின்னக் கேள்வி கேட்டேன். "அண்ணே, கடைக்கு முன்னாடின்னா எங்கே?" அவர் காட்டியது ரோட்டோரத்தில் வெள்ளைக் கோடு போட்ட பார்க்கிங். அது அவர் இடமே இல்லை. கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் இடம். இருபது வருஷமாகத் தன் காடியை அங்கேயே நிறுத்தி நிறுத்தி அவருக்கு அது சொந்த இடமாகிப்போய்விட்டது, பாவம்.

இந்த இடத்தில்தான் பல பேருக்குக் குழப்பம் வருகிறது. 'நாடு முழுக்க ஒரே விதி' என்று செய்தியில் படிக்கிறோம். ஆனால் பக்கத்து ஊரில் ஒரு மாதிரி, நம் ஊரில் ஒரு மாதிரி நடக்கிறதே? காரணம் நம் அரசியலமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. மின்சாரம் கூட்டரசின் கையில். நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் கையில். சார்ஜர் என்பது மின்சாரமும்தான், நிலத்தில் நட்ட கம்பமும்தான். மின்சாரப் பாதியை எஸ்.டி. பார்க்கும். நடுகிற பாதியை ஊராட்சி மன்றம் பார்க்கும். 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டமும், 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டமும் அவர்கள் கையில் இருக்கின்றன. சார்ஜிங் கட்டங்கள் எங்கே, எப்படி அமைய வேண்டும் என்று பிளான்மலேசியா ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அது வழிகாட்டிதான். அதை எடுத்துப் பின்பற்றி அனுமதி கொடுக்க வேண்டியது உள்ளூர் மன்றம். பொம்பாவுக்கும் இதில் சொல்வதற்கு இருக்கிறது. தீயணைப்பு வண்டி அருகில் வர முடியுமா, அவசரத்துக்குக் கரண்டை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவர்கள் கவலை. கட்டடத்துக்கு உள்ளே, நிலவறைப் பார்க்கிங்கில் வைத்தால் அந்தக் கவலை இன்னும் கூடும். அண்ணன் கடைக்குக் கூரையே ஜிங்க்தான், வாசல் திறந்த வெளி. அந்தப் பிரச்சினை இல்லை.

மித்தி, அதாவது முதலீடு, வாணிப, தொழில் அமைச்சு எங்கே வருகிறது என்றால், எத்தனை சார்ஜர் வேண்டும் என்று இலக்கு வைப்பதில். 2025-க்குள் 10,000 பொதுச் சார்ஜர்கள். அதில் 9,000 ஏசி, 1,000 டிசி. அதுதான் அறிவித்த இலக்கு. 2024 முடிவில் நாலாயிரத்தைக்கூட எட்டவில்லை. அனுமதி தாமதம் ஒரு காரணம் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள், உண்மையும்தான். ஆனால் நம்மைப் போன்ற தோட்டப்புறப் பட்டணத்துக்கு முக்கியமான காரணம் வேறு, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஏசி சார்ஜர் உண்மையில் ஒரு பாதுகாப்பான பிளக்தான். ஏசியை டிசியாக மாற்றுகிற கருவி காடிக்குள்ளேயே இருக்கிறது, அது சின்னது, அதனால் மெதுவாக ஏறும். டிசி சார்ஜரில் அந்த மாற்றுகிற வேலையை ரோட்டோரத்தில் நிற்கிற பெரிய பெட்டியே செய்துவிடும். நேராகப் பேட்டரிக்குப் போகும், அதனால்தான் வேகம். வழியில் போகிறவன் சாப்பிடுகிற அரை மணி நேரத்துக்கு டிசிதான் சரி. ஒரு 60 கிலோவாட் டிசி பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் முன்னே சொன்ன 45 கே.வி.ஏ. த்ரீ ஃபேஸ் அதற்கே பத்தாது. கூடுதல் பலமான இணைப்பு இழுக்க வேண்டும். சில இடங்களில் துணை மின் நிலையமே புதிதாக வேண்டும், அதற்கு நிலம் வேண்டும். பெட்டியின் விலையைவிட அதற்குக் கரண்ட் கொண்டுவருகிற செலவு கண்ணைக் கட்டும். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வரிசையில் காடி நிற்கும், போட்ட காசு திரும்பும். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில், ஒரு நாளைக்கு இரண்டு காடி வந்தால்? லைசென்ஸை ஒரே நாளில் கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

பொதுச் சார்ஜரில் டிசிக்கு ஒரு யூனிட் ஒரு வெள்ளிக்கு மேல் போவதும் இதனால்தான். வீட்டில் என்ன விலை? 2025 ஜூலை முதல் டி.என்.பி.யின் புதிய கட்டணத்தில் வீடுகளுக்கு, மாதம் 1,500 யூனிட் வரை, மின்சாரத்துக்கு 27.03 சென், திறனுக்கு 4.55 சென், கம்பி வலையமைப்புக்கு 12.85 சென், ஆக 44.43 சென். மாமாவின் 30 யூனிட்டுக்கு 13 வெள்ளி 33 காசு. இதற்கு மேல் வேறு கூட்டல் கழித்தல்களும் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மாதம் 600 யூனிட்டுக்குள் இருந்தால் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் (ரீடெயில் சார்ஜ்) தள்ளுபடி. 400 யூனிட்டில் ஓடிக்கொண்டிருந்த வீடு, காடி வந்து மாதம் எட்டு முறை ஏற்றினால் 640-க்குப் போய்விடும். அந்தப் பத்து வெள்ளி பில்லில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மாமா போன் போட்டுக் கேட்பார் என்று தெரிந்து முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

நேரக் கட்டணம் என்று ஒன்றும் இருக்கிறது, ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்கு. வார நாட்களில் மதியம் 2 மணியில் இருந்து இரவு 10 வரை கொஞ்சம் கூட, மற்ற நேரமும் சனி, ஞாயிறும் கொஞ்சம் குறைவு. இரவில் ஏற்றினால் யூனிட்டுக்கு 2.6 சென் மிச்சம். முப்பது யூனிட்டுக்கு 78 காசு. ஆளாளுக்கு இதைப் பெரிதாகப் பேசுகிறார்கள். ஒரு தே ஓவுக்குக்கூடக் காணாது. சாயந்திரம் முழுக்க ஏர்கோன் ஓடுகிற வீடாக இருந்தால் அந்த 78 காசிலும் பாதியை அந்த நேரத்துக் கூடுதல் விலையே தின்றுவிடும்.

கடைசியில் மாமாவுக்கு என்ன செய்தேன்? த்ரீ ஃபேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுவர் சார்ஜரை வாங்கி, அதன் வேகத்தை 16 ஆம்பியருக்குக் குறைத்து வைத்தோம். 3.7 கிலோவாட். இரவு பத்துக்குச் சொருகினால் காலை ஆறுக்குள் ஏறக்குறைய 30 யூனிட் ஏறிவிடும். மாமாவுக்கு மனசு ஆறவில்லை. "அவ்வளவு காசு கொடுத்து வாங்கிட்டுப் பாதி வேகமா?" என்றார். தூங்குகிற நேரத்துக்கு வேகம் எதற்கு என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை, ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை.

எர்த் கம்பியைப் புதிதாக அடித்தேன். டிபி பெட்டியில் இருந்து தனி லைன், தனி ஆர்.சி.டி. போராங் G, போராங் H இரண்டையும் காடியின் கிரானோடு சேர்த்து அத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, சாமி மேடைக்குக் கீழே இருக்கிற இழுப்பறையில் வைத்துவிட்டார். ஆர்.சி.டி.யில் 'டி' என்று ஒரு குட்டிப் பொத்தான் இருக்கும், மாதம் ஒரு முறை அதை அமுக்கிப் பார்க்க வேண்டும், விழுந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இதை மாமாவிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று அத்தையிடம் சொன்னேன். அத்தை நாள்காட்டியை எடுத்து, ஒவ்வொரு பௌர்ணமியிலும் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டார்.